எட்டாவது சர்வர்

அன்பு மகளுக்கு,

கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவு முழுவதும் இனி உன் பொறுப்பு என்று தம்பி போனில் சொன்னான். குரலில் அவ்வளவு பெருமை! வாழ்த்தோடு நிறுத்திக்கொள்ள மனம் வரவில்லை. இந்த வேலையில் கால் சறுக்கும் இடம் எது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் நைட் கேப்பிடல் என்ற பங்குத் தரகு நிறுவனம் இருந்தது. 2012 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க் பங்குச் சந்தை ஒரு புதிய திட்டத்தைத் தொடங்கவிருந்தது. அதற்காக நைட் புதிய நிரல் எழுதி, தன் எட்டு சர்வர்களில் ஏற்றியது. ஏறியது ஏழில்தான். எட்டாவதை, ஏற்றும் வேலையைச் செய்த ஊழியர் விட்டுவிட்டார். இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்று எழுதிவைத்த விதி இல்லை. யாரும் சரிபார்க்கவும் இல்லை.

விடுபட்ட சர்வரில் 'பவர் பெக்' என்றொரு பழைய நிரல் கிடந்தது. அதன் பயன்பாட்டை 2003-லேயே நிறுத்திவிட்டார்கள், அழிக்காமல் விட்டுவிட்டார்கள். அதை இயக்கிவந்த அதே குறியீட்டையே புதிய நிரலுக்கும் கொடுத்திருந்தார்கள். சந்தை திறந்ததும் ஒன்பது ஆண்டு தூங்கிய நிரல் விழித்துக்கொண்டது. கேட்ட பங்குகள் கிடைத்துவிட்டனவா என்று எண்ணிப் பார்க்கும் பகுதியை 2005-ல் வேறிடத்துக்கு மாற்றியிருந்ததால், எங்கே நிறுத்துவது என்று அதற்குத் தெரியவில்லை. 212 ஆர்டர்களை நிறைவேற்றப் போய், லட்சக்கணக்கான ஆர்டர்களைச் சந்தைக்குள் கொட்டியது. பதறிப்போன பொறியாளர்கள் புதிய நிரலில்தான் கோளாறு என்று எண்ணி, ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் அதை எடுத்துவிட்டார்கள். அவற்றிலும் பவர் பெக் ஓடத் தொடங்கியது.

45 நிமிடம். நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல்.

மனதை உறுத்துவது அதற்கு முன் நடந்தது. அன்று காலை 8 மணிக்குப் பிறகு, சந்தை திறக்க ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் இருக்கும்போதே, பவர் பெக்கின் பெயரைச் சொல்லும் தானியங்கி மெயில்கள் ஊழியர்களுக்கு வரத் தொடங்கிவிட்டன. சந்தை திறப்பதற்குள் 97 மெயில்கள். எச்சரிக்கை என்று நினைத்து உருவாக்கப்பட்டவை அல்ல என்பதால், அவற்றைப் படிக்கும் வழக்கம் யாருக்கும் இல்லை. இயந்திரம் தனக்குத் தெரிந்த விதத்தில் தொண்ணூற்றேழு முறை கூப்பிட்டிருக்கிறது, பார்த்துக்கொள்.

உன் அலுவலகத்திலும் இப்படிப்பட்ட மெயில்கள் தினமும் வந்து குவியும். முதல் வாரத்திலேயே உட்கார்ந்து எண்ணிப் பார். யாருக்கும் தேவைப்படாதவற்றை நிறுத்து. மிச்சமிருக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆளின் பெயர் இருக்கட்டும். 'டீம்' என்று எழுதினால் அது யாருமில்லை என்றுதான் அர்த்தம். நம் நாட்டில் இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி, லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், இணையப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். வைத்திருப்பது சுலபம், டிஸ்க் வாங்கிப்போட்டால் போதும். ஆனால் லாக்கை யாரும் படிக்காவிட்டால், சம்பவம் நடந்ததே தெரியவராது.

வெண்டர்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் சுமார் 52 லட்சம் வாடிக்கையாளர்களின் கணக்குகளைப் புதிய அமைப்புக்கு மாற்றியது. அதைக் கட்டிக்கொடுத்த சாபிஸ் நிறுவனம், தனக்குக் கீழே 85 வெளி நிறுவனங்களை நம்பியிருந்தது. சாபிஸ் தந்த உறுதிக் கடிதத்தில் அந்த நிறுவனங்களைப் பற்றி இருந்ததில் பெரும்பகுதி, 'தயாராகிவிடுவார்கள்' என்ற எதிர்பார்ப்புதான். மாற்றம் நடந்தது, 19 லட்சம் பேர் வரை தங்கள் கணக்குக்குள் நுழைய முடியாமல் தவித்தார்கள். வங்கிக்கு 4 கோடியே 86 லட்சம் பவுண்டுக்கு மேல் அபராதம். உன்னுடையதைப் போன்ற நாற்காலியில் இருந்த தலைமைத் தகவல் அதிகாரிக்கும் 2023-ல் தனியாக 81,620 பவுண்டு அபராதம் விழுந்தது. வெண்டர் 'ரெடி மேடம்' என்று சொன்னால், எதைச் சோதித்தார், எத்தனை பேர் ஒரே நேரத்தில் உள்ளே வந்தபோது சோதித்தார் என்று கேள். 'தயார் இல்லை, தேதியைத் தள்ளுங்கள்' என்று முதலாளியிடம் சொல்வதும் உன் சம்பளத்தில் அடக்கம்.

பேக்கப்பைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. கிட்லாப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று, களைத்துப்போன ஒரு பொறியாளர் துணை சர்வரில் அழிக்க வேண்டியதை முதன்மை சர்வரில் அழித்துவிட்டார். ஓரிரு நொடியில் சுதாரித்துக்கொண்டார். அதற்குள் 300 ஜிபியில் மிஞ்சியது சுமார் 4.5 ஜிபி. பேக்கப்பைத் தேடினால், வெர்ஷன் பொருந்தாமல் அது ஓடவே இல்லை. ஓடவில்லை என்று சொல்லும் மெயில்களோ, சரியான கையொப்பம் இல்லாததால் வழியிலேயே நிராகரிக்கப்பட்டிருந்தன. அதனால் எல்லாம் நன்றாக இருப்பதாகவே அத்தனை பேரும் நம்பியிருந்தார்கள். வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் கையால் எடுத்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. கிட்லாப் நடந்ததை ஒளிக்காமல் வெளியிட்டது. ஆளைப் பிடித்துத் தண்டிக்கப் பார்க்காமல் நடைமுறையைத் திருத்தியது. உன் பிரிவில் வேலை செய்யும் பிள்ளைகளில் ஒருவர் தவறு செய்யும் நாளில் இதை நினைத்துக்கொள். அன்று நீ கத்தினால், அடுத்த தவறை மறைக்கத்தான் அவர்கள் கற்றுக்கொள்வார்கள்.

வருகிற சனிக்கிழமை ஒரு காலி மெஷினை எடுத்து, நேற்றைய பேக்கப்பை அதில் ஏற்றிப் பார். கணக்குப் பிரிவில் ஒருவரைக் கூப்பிட்டு, அவர் கடைசியாகப் போட்ட பில் திரையில் வருகிறதா என்று அவர் கண்ணாலேயே பார்க்கச் சொல். எத்தனை மணி நேரம் ஆனது என்று குறித்துக்கொண்டு, சர்வர் விழுந்தால் அவ்வளவு நேரம் சரக்கு வெளியே போகாது என்று முதலாளியிடம் சொல். ஞாயிறு காலை எனக்குப் போன் பண்ணு, பில் வந்ததா என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

அன்புடன்,
பெரியப்பா