வளையும் பரப்பிற்கு வளையும் பசை

காரின் கண்ணாடி கிறீச்சிடாமல் ஏறி இறங்குவதற்குக் காரணம், கதவுச் சட்டத்தினுள் பொருத்திய ரப்பர் பீடிங்கில் வெல்வெட்டுப் போலத் தெரியும் மெல்லிய படலமாகும். அது நெய்த துணி அன்று. ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் நீளத்திற்கு நறுக்கிய நைலான் அல்லது பாலியெஸ்டர் இழைகள், பசை தடவிய ரப்பரின்மீது பல பத்தாயிரம் வோல்ட் மின்னழுத்தத்தால் செங்குத்தாக நடப்பட்டவை. இம்முறையை ஃபிளாக்கிங் என்பர். நகைப்பெட்டியினுள் வைக்கும் ஃபோம் அட்டைக்கும் இதே முறையில் மென்மையூட்டுகின்றனர்.

1983 டிசம்பரில் குர்கானில் மாருதி 800 உற்பத்தியாகத் தொடங்கிய பின்னர், தில்லியைச் சுற்றி உதிரிபாகத் தொழில்கள் பெருகின. சிறிய கூடமொன்றில் ஃபிளாக்கிங் தொடங்க எண்ணும் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் இயந்திரத்தின் விலையைப் பற்றியே கேட்கின்றனர். ஆனால் சரக்கு திரும்பி வருவதும் வராததும் பசையைப் பொறுத்தது.

ரப்பர் நீளும், வளையும், மீண்டும் சுருங்கும். உலர்ந்தபின் கண்ணாடி போல் இறுகும் எபாக்சிப் பசை அதனுடன் சேர்ந்து வளையாது, வெடிக்கும். வெடிப்பு ஒவ்வொன்றும் ஒரு வரிசை இழைகளைக் கொண்டு போகும். ஆகவே ரப்பருக்கு நெகிழ்வான பாலியூரித்தேன் பசையே பொதுவாக ஏற்றது. ஃபோமுக்கு நீரில் கரைந்த நெகிழ்வான அக்ரிலிக் பசையும் பயன்படும். எனினும் நல்ல பசையும் அழுக்கின்மேல் நிற்காது. கார் பீடிங்கிற்குப் பயன்படும் ஈ.பி.டி.எம். ரப்பர் இயல்பாகவே எதனையும் எளிதில் ஒட்டவிடாது. அச்சிலிருந்து எடுக்கப் பூசிய எண்ணெயும் அதன்மேல் படிந்திருக்கும். துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் பூசிய பின்னரே பசை தடவ வேண்டும்.

ஃபோமின் தொல்லை நேர்மாறானது. அது பசையை உறிஞ்சிவிடும். மேற்பரப்பில் இழை ஊன்ற ஈரம் மிஞ்சாது. நிறைய ஊற்றினாலோ ஃபோம் பலகையாகிவிடும். முதலில் மெல்லிய பூச்சொன்றைக் கொடுத்து உலரவிட்டுத் துளைகளை அடைத்து, அதன்மேல் கெட்டியான பசையைப் பூசுவது நலம். பசைப் படலம் இழை நீளத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இருந்தால் போதும் என்பது தொழிலில் வழங்கும் கணக்கு.

இனித் தில்லியின் பருவநிலை. காற்றில் 60 விழுக்காட்டை ஒட்டிய ஈரப்பதம் இருந்தால் இழைகள் சீராகப் பறக்கும். மே மாதத்து ‘லூ’க் காற்றில் அவை மின்னூட்டம் ஏற்காமல் சோம்பிக் கிடக்கும், ஆகஸ்டில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். காற்றின் ஈரத்தால் இறுகும் ஒற்றைக் கூற்றுப் பாலியூரித்தேனும் கோடையில் மெதுவாகவே இறுகும். சனவரிக் குளிரிலும் அப்படியே. ஈரமூட்டும் கருவியும் ஈரப்பதமானியும் வீண்செலவல்ல. ஓர் ஆர்டர் திரும்பினால் ஆகும் இழப்பைவிட அவற்றின் விலை மிகக் குறைவு.

தீ அபாயத்தையும் கருத வேண்டும். கரைப்பான் கலந்த பசையின் ஆவியும் மின்பொறியும் ஓரறையில் சந்தித்தல் ஆகாது. 2019 டிசம்பர் 8 அன்று தில்லி அனாஜ் மண்டியில் நெருக்கமான கட்டடமொன்றில் மூண்ட தீயில் 43 பேர் உயிரிழந்தனர். அது ஃபிளாக்கிங் கூடமன்று. ஆயினும் அத்தகைய சந்துகளில் தொழில் நடத்துவோர் நீர்சார்ந்த பசையை முதலில் ஆராய்வதும், காற்றோட்டம், தீக்காப்பீடு இரண்டையும் திட்டச்செலவிலேயே சேர்ப்பதும் முறை.

முத்ரா திட்டத்தின் தருண் பிரிவில் 10 லட்சம் ரூபாய் வரை கடன் உண்டு. அதனைப் பெற்று முறையாகத் திருப்பிச் செலுத்தியோருக்கு 2024 முதல் தருண் பிளஸ் பிரிவில் 20 லட்சம் வரை கிட்டும். விண்ணப்பிக்குமுன் எளிய சோதனையொன்றைச் செய்து பாருங்கள்: வாங்குபவர் தரும் அதே ரப்பரில் நான்கைந்து மாதிரிகள் செய்து, பசை முற்றிலும் இறுகிய பின் ஒன்றை வெயிலிலும் ஒன்றை ஃபிரிட்ஜிலும் ஒரு நாள் வையுங்கள். பின்னர் அவற்றை விரலைச் சுற்றிப் பலமுறை வளைத்து, வெள்ளைத் துணியால் தேயுங்கள். துணியில் இழை ஒட்டியிருந்தால் பசையையோ பிரைமரையோ மாற்றி மீண்டும் செய்து பாருங்கள். அதன்பின் கிளைக்கு வாருங்கள்.