சராசரிக்கு முன் அட்டவணை

ஆசிரியரின் எதிர்பார்ப்பு மாணவரின் நுண்ணறிவு ஈவை உயர்த்துமா? ரோசென்தாலும் ஜேக்கப்சனும் 1968இல் வெளியிட்ட ‘பிக்மேலியன்’ ஆய்வை பி.எட். வகுப்பில் நம்மில் பலரும் படித்திருப்போம். குறிப்பிட்ட சில மாணவர்கள் விரைவில் நன்கு முன்னேறுவர் என்று ஆசிரியர்களிடம் கூறப்பட்டது. உண்மையில் அவர்கள் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். அமெரிக்காவில் பலரும் இதுபோன்ற சோதனைகளை நடத்தினர். முடிவுகள் ஒத்துப்போகவில்லை. 1980களில் ஸ்டீபன் ராடன்புஷ் அவற்றைத் திரட்டி மெட்டா பகுப்பாய்வு செய்தார். அவருடைய அட்டவணையில் 19 வரிசைகள் உள்ளன.

ஒவ்வோர் ஆய்விலும் வெவ்வேறு தேர்வு என்பதால் மதிப்பெண்களை நேரடியாக ஒப்பிட முடியாது. சோதனைக் குழு, கட்டுப்பாட்டுக் குழு ஆகியவற்றின் சராசரி வேறுபாட்டைத் திட்ட விலக்கத்தால் வகுத்தால் எல்லாம் ஒரே அளவுகோலுக்கு வந்துவிடும். மாணவர் எண்ணிக்கைக்கும் ஒரு பத்தி வேண்டும். சிறிய குழுவில் கிடைக்கும் விளைவு எளிதில் ஏறி இறங்கும்.

1972ஆம் ஆண்டின் பெல்லெக்ரினி–ஹிக்ஸ் ஆய்வு மட்டும் இரண்டு வரிசைகளைத் தருகிறது: 1.18, 0.26. ஒரே ஆய்விலிருந்து வந்த இரண்டையும் தொடர்பற்ற இரு சான்றுகளாக எண்ணலாமா என்று முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். 1.18 தான் அட்டவணையிலேயே பெரிய எண். துருத்தி நிற்கிறது என்பதற்காக அதை நீக்கிவிடக் கூடாது. புள்ளி இடம் மாறியுள்ளதா என மூல ஆய்வில் சரிபார்த்துவிட்டு, அதைச் சேர்த்தும் விடுத்தும் கணக்கிட்டுப் பார்ப்பதே முறை.

எடையிட்ட சராசரி 0.1க்கும் குறைவு. இங்கேயே நிறுத்தியிருந்தால் ‘பெரிய விளைவு இல்லை’ என்று எழுதி முடித்திருக்கலாம். ராடன்புஷ் இன்னொரு பத்தியும் வைத்திருந்தார்: அந்தத் தகவலைக் கேட்பதற்கு முன் ஆசிரியர் அம்மாணவர்களுடன் எத்தனை வாரம் பழகியிருந்தார்?

அந்தப் பத்தியின்படி வரிசைப்படுத்திப் பாருங்கள். முன்பழக்கமே இல்லாத 5 வரிசைகளிலும் விளைவு நேர்மறை. ஒன்று, இரண்டு வாரப் பழக்கமுள்ள 6 வரிசைகளில் ஒன்று மட்டுமே சுழிக்குச் சற்றுக் கீழே. இரண்டு வாரத்துக்கும் மேல் பழகிய 8 வரிசைகளில் ஏழு எதிர்மறை. மாணவரை நேரில் அறிந்துகொண்ட ஆசிரியர் வெளியார் சொல்லை அவ்வளவாக நம்புவதில்லை என்பது ராடன்புஷின் விளக்கம். வகுப்பில் நிற்கும் நமக்கு இது வியப்பளிக்காது!

ஆனாலும் பழகிய வாரங்களை யாரும் குலுக்கிப் போட்டு நிர்ணயிக்கவில்லை. ஆய்வுகளுக்கிடையே வேறு வேறுபாடுகளும் உண்டு. நம் பள்ளிகளின் செயலாய்வுகளைத் தொகுப்பவர்கள் இத்தகைய சூழல் பத்திகளைத் தரவு திரட்டும்போதே நிரப்பிவிடுவது நல்லது. ஓராண்டு கழித்துக் கேட்டால் எவருக்கும் நினைவிருக்காது.