முதல் மணிக்கு முன் ஒரு வாய் சோறு

கேள்வி: ஆப்பிரிக்கக் கிராமப் பள்ளிப் பிள்ளைகளின் நாள் நம் பிள்ளைகளுடையதைப் போன்றதா?
– வாசகர், ஆட்டையாம்பட்டி

பதில்: பசியில் இரண்டும் ஒன்றே. மலாவியில் 1994இல் தொடக்கக் கல்வி இலவசமானதும் வகுப்பறைகள் நிரம்பி வழிந்தன. வெறும் வயிற்றோடு நடந்து வரும் பிள்ளைக்குப் பாடம் எப்படி ஏறும்? 2002இல் 'மேரிஸ் மீல்ஸ்' என்ற தொண்டு நிறுவனம் அங்கே 200 பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடத் தொடங்கியது. சோளமும் சோயாவும் கலந்த கஞ்சி. காய்ச்சுவது ஊர்த் தாய்மார்.

தமிழ்நாட்டிலோ, காமராஜரின் மதிய உணவும் 1982இன் சத்துணவுத் திட்டமும் நமக்கு முன்னரே கிடைத்த பேறு.

காலைப் பசிதான் பாக்கி இருந்தது. உங்கள் ஊர்ப் பக்கம் தறிக்கும் முறுக்குச் சுற்றவும் விடியலிலேயே கிளம்பும் வீடுகளில் அடுப்பு மூட்ட ஏது நேரம்? 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல்.

ஒருநாள் காலை உங்கள் ஊர்ப் பள்ளிக்குப் போய், அந்தப் பந்தியைப் பாருங்கள்.