விமான உடலில் விரிசல் தேடும் முறை

கலசப்பாக்கத்திலோ ஆரணியிலோ பிளஸ் டூ முடித்து, விமானப் பராமரிப்புப் படிப்புக்குக் கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

விமானத்தின் வயதைவிட, அது எத்தனை முறை ஏறி இறங்கியது என்பதை முதலில் கேளுங்கள். மேலே போகும்போதெல்லாம் உள்ளே இருக்கும் காற்றழுத்தத்தால் உடல் லேசாக உப்பும், இறங்கியதும் சுருங்கும். உலோகம் களைத்துப்போவது இதில்தான். 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாய்த் தீவுகளுக்கிடையே பறந்த அலோஹா நிறுவனத்தின் போயிங் 737இன் கூரை நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. பணிப்பெண் ஒருவர் இறந்தார். விமானத்துக்கு வயது 19தான். ஆனால் குட்டிக் குட்டிப் பயணங்களாக 89,680 முறை பறந்திருந்தது. ஏறும்போதே கதவருகே விரிசலைக் கவனித்த பயணி ஒருவர் யாரிடமும் சொல்லவில்லை!

அடுத்தது, அந்த மாடலுக்குத் தயாரிப்பாளர் கொடுத்த வேலை அட்டை. எந்த இடம், எந்த முறை என்று அதில் இருக்கும். பொதுவாகக் கதவு, ஜன்னல் மூலைகள், தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இணைப்புகள், இறக்கை உடலோடு சேரும் இடம்.

பிறகு சுத்தம். சோதனைகள் கோட்டைவிடுவது பெரும்பாலும் இங்கேதான் என்பது என் எண்ணம். ஆனால் துடைப்பதற்கு முன் ஒருமுறை பாருங்கள்: ரிவெட்டின் பின்னால் வால்போல் இழுத்த கறுப்புத் தூள் இருந்தால், அந்த ரிவெட் தளர்ந்து உரசுகிறது. துடைத்துவிட்டால் அந்தத் தடயமும் போய்விடும். கம்பி பிரஷ் கூடாது. மெல்லிய உலோகம் இழுபட்டு விரிசலின் வாயை மூடிவிடும்.

டார்ச்சை நேராக அடிக்காமல், தகட்டோடு ஒட்டினாற்போல் சாய்த்து, வெளிச்சம் உங்கள் பக்கம் வரும்படி பிடியுங்கள். புடவையில் அறுந்த இழையைத் தேடும் நெசவாளர் துணியைச் சாய்த்துப் பார்ப்பது போலத்தான். சந்தேகம் வந்த இடத்தில் பத்து மடங்கு லென்ஸ் வையுங்கள்.

சந்தேகம் தீரவில்லையா? பெயின்ட்டை நீக்கி, ஒளிரும் பெனிட்ரன்ட் திரவத்தைப் பூசி, அதன் செய்முறைக் குறிப்பு சொல்லும் நேரம்வரை ஊறவிடுங்கள். பத்து நிமிடமாவது ஆகும். மிச்சத்தைக் கரைப்பானில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். கரைப்பானைத் தகட்டின் மேலேயே பீய்ச்சினால் விரிசலுக்குள் இறங்கிய திரவமும் கழுவிப்போகும். மேலே, உள்ளே இறங்கிய திரவத்தை வெளியே இழுக்கும் டெவலப்பரை மெல்லிசாகத் தூவிக் காத்திருந்து, இருட்டில் புறஊதா விளக்கில் பாருங்கள். கண் இருட்டுக்குப் பழக ஒரு நிமிடமாவது கொடுங்கள். வெயிலில் கறுக்கும் கண்ணாடி அணிந்திருந்தால் கழற்றிவிடுங்கள். புள்ளிகள் தெரிந்தால் நுண்துளைகளாக இருக்கலாம். மெல்லிய கோடு என்றால் விரிசல் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

மேற்பரப்பில் வாய் திறந்த விரிசலைத்தான் இந்த முறை காட்டும். ரிவெட் தலைக்கடியில் ஒளிந்ததற்கு, உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டிப் பார்க்கும் எடி கரன்ட் கருவி; இன்னும் ஆழத்துக்கு மீயொலி. எடி கரன்ட் கருவியை, அளவு தெரிந்த வெட்டுள்ள மாதிரித் துண்டில் வேலைக்கு முன்னும் பின்னும் சரிபாருங்கள். பின்னால் பார்க்கும்போது அளவு மாறியிருந்தால், இடையில் செய்த எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும்.

விரிசல் கிடைத்தால் அனுமதித்த மார்க்கரால் குறியுங்கள். பென்சில் வேண்டாம், அதன் கிராபைட் அலுமினியத்தை அரிக்கும். நீளத்தை அளந்து எழுதுங்கள். விரிசல் பரவாமல் அதன் நுனியில் துளை போட்டு நிறுத்துகிறேன் என்று நீங்களாக இறங்காதீர்கள். அதைப் பழுதுபார்ப்புக் கையேடுதான் முடிவு செய்யும். எதுவும் கிடைக்காவிட்டாலும், எந்த முறையில் எதுவரை பார்த்தீர்கள், எங்கே கை எட்டவில்லை என்பதை எழுதிய பிறகே கையெழுத்துப் போடுங்கள்.