தீர்வையில்லாத் துறைமுகம் போன கதை

பினாங்கு என்றால் தீர்வையில்லாத ஊர் என்று கேள்விப்பட்டுத்தான் நம் முன்னோர் பலர் கப்பலேறி வந்தனர். 1786இல் பிரான்சிஸ் லைட் தீவில் கொடியேற்றியபோது, டச்சுக்காரர் பக்கம் போகும் வியாபாரத்தை இழுக்கவே துறைமுகத்தைத் தீர்வையின்றித் திறந்து வைத்தார். சூலியா தெருவின் செழிப்புக்கு அது ஒரு முக்கிய காரணம். ஆனால் அது தந்தவர் திரும்பப் பெறக்கூடிய சலுகைதான், சாசன உரிமையன்று. வர்த்தகர்கள் இதை மறந்திருந்தனர் என்றே தோன்றுகிறது.

1948 பிப்ரவரியில் மலாயாக் கூட்டரசு அமைந்து, பினாங்கும் அதில் சேர்க்கப்பட்டபோது அச்சம் பிறந்தது. அவ்வாண்டு டிசம்பரில் பினாங்கு வர்த்தக சங்கத் தலைவர் டி. ஏ. மக்கே தலைமையில் பிரிவினைக் கமிட்டி ஒன்று தோன்றியது. ஐரோப்பியர், சீனர், இந்தியர் எனப் பல இன வர்த்தகரும் அதில் கூடினர். 1949 பிப்ரவரியில் செட்டில்மெண்ட் கவுன்சிலில் வந்த பிரிவினைத் தீர்மானம், அரசாங்க அதிகாரிகளின் வாக்குகளால் தோற்றது. எனினும் தீவு கூட்டரசின் சுங்க எல்லைக்கு வெளியே வைக்கப்பட்டு, தீர்வையில்லா நிலை நீடித்தது.

இங்கேதான் சிக்கல். சுங்க எல்லைக்கு வெளியே இருந்தால், தீவிலிருந்து பெருநிலத்துக்குப் போகும் சரக்கு அந்நியச் சரக்குபோலவே தீர்வை கட்டவேண்டும். ஆகவே தீவில் ஆலை வைப்பவனுக்குப் பெருநிலத்தின் பெரிய சந்தை எளிதில் கிட்டாது. சுதந்திரத்துக்குப் பின் கோலாலம்பூர்த் தலைவர்கள் தீர்வைச் சுவர் எழுப்பி உள்நாட்டுத் தொழிலை வளர்க்க முனைந்தபோது, புதிய ஆலைகள் பெட்டாலிங் ஜெயா போன்ற இடங்களுக்கே அதிகம் போயின. "எங்கள் பிழைப்பு மறுஏற்றுமதி, தீர்வை வந்தால் சிங்கப்பூர் அதைத் தட்டிக்கொண்டு போகும்" என்பது பெருவணிகர் வாதம். "துறைமுகம் மட்டும் எல்லாப் பிள்ளைகளுக்கும் வேலை தராது" என்பது அரசியலார் வாதம். முதல் வாதம் பொய்யல்ல. ஆனால் 1960களின் பிற்பகுதியில் வேலையின்றித் திரிந்த வாலிபர்களுக்கு வணிகர்களிடம் பதில் இல்லை.

இடையில் வேறோர் அடி. 1963 செப்டம்பரில் இந்தோனேசியா, சுகர்ணோவின் மோதல் கொள்கையால், மலேசியாவுடன் வர்த்தகத்தைத் துண்டித்தது. சுமத்ரா சரக்கை நம்பியிருந்த கிட்டங்கிகள் வாடின. எல்லையில்லா வியாபாரம் அரசியல்வாதி ஒருவரின் கட்டளையால் நிற்கக்கூடும் என்பதை அன்று எல்லோரும் கண்டனர். 1966இல் மோதல் ஓய்ந்தது. போன வியாபாரம் முழுதும் மீளவில்லை.

1969இல் தீர்வையில்லா நிலை நீக்கப்பட்டது. நிதியமைச்சர் டான் சியூ சின் காலம் அது. அவ்வாண்டு மே தேர்தலில் கெராக்கான் கட்சி மாநிலச் சட்டமன்றத்தின் 24 இடங்களில் 16ஐ வென்று, லிம் சோங் இயூ முதலமைச்சரானார். அவர் பழைய நிலையைத் திருப்பிக் கேட்டுக்கொண்டு காலம் கழிக்கவில்லை. ஆலைகளைத் தேடிப் போனார். 1971இல் சுதந்திர வர்த்தக வலயச் சட்டம் வந்தது. 1972இல் பாயான் லெப்பாசில் வலயம் தொடங்கி, இண்டெல் முதலிய கம்பெனிகள் வந்தன.

தீர்வை விலக்கு மீண்டது. ஆனால் வலயத்து வேலிக்குள், ஏற்றுமதி ஆலைகளுக்கு மட்டுமே. இறக்குமதி செய்து விற்ற கடைத்தெருக்காரர் இனி சுங்கத்தில் கட்டிவிட்டுத்தான் சரக்கெடுக்க வேண்டியிருந்தது.