முதல் கைக்கடிகாரம்

மணி என்ன என்று கேட்டால், எட்டு வயதுத் தம்பி கைப்பேசியைப் பார்த்து “இரண்டு ஐம்பது” என்று சொல்லிவிடுவான். “மூன்று மணிக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது?” என்று கேளுங்கள், திகைத்து நிற்பான். முதல் கேள்விக்கு எண்களைப் படிக்கத் தெரிந்தால் போதும். இரண்டாவது கேள்விக்கோ காலத்தை அளக்கத் தெரிய வேண்டும்.

பழவேற்காடு ஏரிக்கரையிலுள்ள மீனவக் குப்பங்களில் இந்த இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலுமாகப் பரந்து கிடக்கும் இந்த உவர்நீர் ஏரி, முகத்துவாரத்தின் வழியே வங்கக் கடலுடன் தொடர்பு கொண்டுள்ளது. கடலில் ஓதம் ஏறும்போது நீர் உள்ளே வருகிறது; வற்றும்போது வெளியேறுகிறது. படகைச் செலுத்தவும் வலையை விடவும் “நீர் திரும்ப இன்னும் எவ்வளவு நேரம்?” என்பது தெரிந்திருக்க வேண்டும். அதே வீட்டுப் பிள்ளைகள் பள்ளி மணிக்கும் பேருந்துக்கும் தப்பாமல் கிளம்பவும் வேண்டும்.

இத்தகைய வீட்டில் ஒரு குழந்தைக்கு முதன்முதலாகக் கைக்கடிகாரம் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூத்த பிள்ளையான உங்களிடம்தான் யோசனை கேட்பார்கள். எதை வாங்கச் சொல்வீர்கள்?

எண்ணா, முள்ளா?

எண் கடிகாரம் இந்த நொடியின் மணியை மட்டும் காட்டுகிறது. முள் கடிகாரமோ, கழிந்த நேரத்தையும் வரப்போகும் நேரத்தையும் சேர்த்தே காட்டுகிறது. பெரிய முள் 10-இல் இருக்கிறது. 12-ஐத் தொட இன்னும் இரண்டு இடைவெளிகள் உள்ளன. ஆகவே பத்து நிமிடம். குழந்தை இங்கே கழித்தல் கணக்கு போடவில்லை; தூரத்தைக் கண்ணால் பார்க்கிறது. காலத்தை வட்டத்தின் மீது தூரமாக மாற்றிக் காட்டுவதே முள் கடிகாரத்தின் சிறப்பு. எனவே கற்பதற்கு ஏற்றது முள் கடிகாரமே.

ஆனால் முள் கடிகாரத்தில் ஒரு சிக்கல் உண்டு. பெரிய முள் நிமிடத்துக்கு 6 பாகை நகர்கிறது. சின்ன முள் நிமிடத்துக்கு அரைப் பாகைதான் நகர்கிறது. 2 மணி 50 நிமிடத்தில் சின்ன முள் 12-இலிருந்து 85 பாகை சென்றிருக்கும். மூன்றைத் தொட இன்னும் 5 பாகையே மீதி. குழந்தையின் கண்ணுக்கு அது 3-இல் இருப்பதாகவே தோன்றும். அதனால்தான் பல குழந்தைகள் “மூன்று ஐம்பது” என்று படித்துவிடுகிறார்கள்.

ஒரே ஒரு முள்

இச்சிக்கலைத் தீர்க்கக் கடிகாரத்தின் வரலாறே வழி காட்டுகிறது. பழவேற்காட்டில் ஒரு பழைய பள்ளிவாசலில் சூரியக் கடிகாரம் ஒன்று உண்டு. அதில் முள் கிடையாது; நகரும் நிழல் ஒன்றே மணியைக் காட்டும். பண்டைய ஐரோப்பிய இயந்திரக் கடிகாரங்களிலும் பெரும்பாலும் மணி முள் ஒன்றுதான் இருந்தது. அவை நாளொன்றுக்குக் கால் மணி நேரம் வரை பிழைபட்டதால், நிமிட முள் வைத்தும் பயனில்லை.

டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் 1613-இல் ஜெல்டிரியா கோட்டையைக் கட்டினர். அவர்கள் இங்கே வணிகம் செய்துகொண்டிருந்த காலத்திலேயே, 1656-இல், அவர்கள் நாட்டு அறிவியலார் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் ஊசல் கடிகாரத்தை உருவாக்கினார். பிழை நாளுக்குச் சில விநாடிகளாகக் குறைந்தது. அதன் பிறகே நிமிட முள் எங்கும் பரவியது.

குழந்தைக்கும் இதே வரிசையில் கற்பியுங்கள். முதலில் சின்ன முள்ளை மட்டும் படிக்கட்டும். “இரண்டைத் தாண்டிவிட்டது”, “இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் இருக்கிறது”, “மூன்றை நெருங்கிவிட்டது” என்று சொல்லப் பழகட்டும். சில நாட்கள் கழித்துப் பெரிய முள்ளைக் காட்டுங்கள். “இன்னும் மூன்றைத் தொடவில்லை” என்று சொல்லப் பழகிய குழந்தை, 2:50-ஐ 3:50 என்று படிக்காது.

கடையில் கவனிக்க வேண்டியவை

1. முகப்பில் 1 முதல் 12 வரை எல்லா எண்களும் இருக்க வேண்டும். 12, 3, 6, 9 மட்டும் உள்ளவையும், ரோமன் எண்கள் உள்ளவையும் தொடக்கத்துக்கு ஏற்றவை அல்ல.

2. அறுபது நிமிடக் கோடுகளும் தெளிவாகத் தெரிய வேண்டும். முகப்பின் விட்டம் 20 மி.மீ. என்றால் சுற்றளவு சுமார் 63 மி.மீ.; ஒரு நிமிடத்துக்குக் கிடைக்கும் இடம் 1 மி.மீ. மட்டுமே. விட்டம் 30 மி.மீ. ஆனால் ஒன்றரை மி.மீ. கிடைக்கும். மிகச் சிறிய கடிகாரம் அழகாக இருக்கலாம், படிக்க உதவாது.

3. முட்கள் நீளத்திலும் நிறத்திலும் வேறுபட வேண்டும். சின்ன முள் எண்களையும், பெரிய முள் நிமிடக் கோடுகளையும் எட்ட வேண்டும். விளிம்பில் 5, 10, 15 என்று நிமிட எண்களும் இருந்தால் மிகவும் நல்லது.

4. வாங்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள். முட்களை 6:30-க்குத் திருப்புங்கள். சின்ன முள் 6-க்கும் 7-க்கும் சரியாக நடுவே நிற்கிறதா? அடுத்து 2:50-க்குத் திருப்புங்கள். மூன்றுக்குச் சற்று முன்னே நிற்கிறதா? இல்லையென்றால் அதை வாங்காதீர்கள். சின்ன முள் தப்பாக நிற்கும் கடிகாரம் குழந்தைக்குத் தப்பாகவே கற்றுக்கொடுக்கும்.

உப்பு நீரும் பாட்டரியும்

பழவேற்காடு ஏரியின் சராசரி ஆழம் சுமார் ஒரு மீட்டர்தான். அப்படியிருக்க, “30 மீட்டர்” என்று குறித்த கடிகாரத்தோடு அதில் ஏன் நீந்தக் கூடாது? அக்குறி, அந்த ஆழத்தில் நீந்தலாம் என்று பொருள்படாது. புதிய கடிகாரம், அசையாத நீரில், அந்த அளவு அழுத்தத்தைத் தாங்கும் என்பதே அதன் பொருள். உள்ளிருக்கும் ரப்பர் வளையம் நாளடைவில் தளரும். கை கழுவும்போது தெறிக்கும் நீரை மட்டுமே அது தாங்கும் என்று கொள்ளுங்கள். நீந்தி விளையாடும் குழந்தைக்கு “100 மீட்டர்” என்று குறித்ததே ஏற்றது. உப்பு நீரில் நனைந்தால், திருகு உள்ளே அழுந்தியிருப்பதைப் பார்த்துவிட்டு, நல்ல நீரில் அலசித் துடைக்க வேண்டும். தோல் வார் விரைவில் நைந்துவிடும். நைலான் அல்லது ரப்பர் வார் நல்லது.

இன்னொன்று மிக முக்கியம். பொத்தான் போன்ற சிறு பாட்டரியைக் குழந்தை விழுங்கிவிட்டால், அது உணவுக் குழாயில் சிக்கி, இரண்டு மணி நேரத்திலேயே கடுமையான புண்ணை உண்டாக்கக் கூடும். ஆகவே பின்மூடி திருகாணியால் இறுக்கப்பட்டதா என்று பாருங்கள். பழைய பாட்டரியை வீட்டில் போட்டு வைக்காதீர்கள். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

செய்து பாருங்கள்

ஏரிக்கரையிலோ கடற்கரையை ஒட்டிய கழிமுகத்திலோ ஒரு கழியை நட்டு, பெரியவர் ஒருவரின் துணையோடு, நீர் மிக உயரும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உச்ச ஓதம் ஏறத்தாழ 12 மணி 25 நிமிடத்துக்கு ஒரு முறை வருகிறது. நிலா பூமியைச் சுற்றி நகர்ந்துகொண்டே இருப்பதால், அதே நிலை மறுபடி வர 24 மணி 50 நிமிடம் ஆகிறது. முகத்துவாரத்திலிருந்து ஏரிக்குள் தள்ளிப் போகப் போக உச்சம் தாமதித்து வரும். காற்றும் சற்று மாற்றும். எனவே ஒரே இடத்தில் பல நாட்கள் பாருங்கள்.

இன்று காலை 6 மணிக்கு உச்சம் என்றால், நாளை காலை ஏறத்தாழ 6:50-க்கு. அப்போது சின்ன முள் 25 பாகை தள்ளி, ஏழை நெருங்கி நிற்கும். ஒவ்வொரு நாளும் இப்படியே நகர்ந்தால், அது முகப்பை ஒரு முறை சுற்றி முடிக்க எத்தனை நாட்கள் ஆகும்? கணக்கிட்டுப் பாருங்கள். பிறகு, அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் இடையே எத்தனை நாட்கள் என்று நாட்காட்டியில் பாருங்கள். பிறையைப் பார்த்தே ஓதத்தைச் சொல்லும் தாத்தாவின் கணக்கு, தம்பியின் கையில் கட்டிய கடிகாரத்திலும் தெரியும்.