கால்வாய் இல்லாத மதிப்பீடு

கொங்குப் பகுதியின் மாநகராட்சி ஒன்றில், ஊராட்சியாக இருந்து பின்னாளில் நகரத்தோடு சேர்க்கப்பட்ட இடத்தில், ஒரு குளம் இருக்கிறது. குடியிருப்போர் நலச்சங்கம் வீடுவீடாகத் திரட்டிய பணமும் அரசு மானியமும் சேர்ந்து அதற்குக் கரை கட்டின, கல் பதித்த நடைபாதை போட்டன, எல்.இ.டி. விளக்குகள் நட்டன. அடுத்து வந்த பருவமழையில் சுற்றியுள்ள தெருக்களில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. குளத்தில் கணுக்கால் நனையவில்லை. மழைநீரைக் குளத்துக்குக் கொண்டுவரும் கால்வாய் மதிப்பீட்டில் சேர்க்கப்படவே இல்லை. அந்தச் சங்கத்தின் செயற்குழுவில் இருந்தவர்தான் இதை எழுதுகிறார். கால்வாயைச் சேர்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது என்று கூட்டத்தில் சொன்ன ஒரே ஆளும் அவரே. அதைப் பதிவுசெய்ய அவருக்குத் தயக்கம் இல்லை.

பணம் வந்த வழி ‘நமக்கு நாமே’ திட்டம். 1990-களின் பிற்பகுதியில் தமிழகத்தில் தொடங்கிய இத்திட்டம், 2011-க்குப் பின் தன்னிறைவுத் திட்டம் என்ற பெயரில் நடந்து, 2021-இல் பழைய பெயரோடு திரும்பியது. மக்கள் ஒரு பங்கு போட்டால் அரசு மீதியைப் போடும். பொதுவான பணிகளுக்கு மக்கள் பங்கு குறைந்தது மூன்றில் ஒன்று. நீர்நிலைச் சீரமைப்பு என்றால் பாதி. 12 லட்ச ரூபாய்க்குப் பூங்கா கேட்கும் தெரு 4 லட்சம் திரட்டினால் போதும். அதே செலவில் குளம் கேட்கும் தெரு 6 லட்சம் திரட்ட வேண்டும். பூங்கா அந்தத் தெருவுக்கு மட்டும் பயன்படும். குளமோ அக்கம்பக்கத்துக் கிணறுகளுக்கெல்லாம் ஊறும். இந்த விகிதம் தலைகீழாக இருக்க வேண்டும் என்று இக்கட்டுரையாளர் அன்றும் சொன்னார், இன்றும் சொல்கிறார்.

தொடக்க வேலைகள் எல்லோருக்கும் தெரிந்தவை. 1975-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவு, சங்கத்தின் பெயரில் பான் அட்டையும் வங்கிக் கணக்கும், பொதுக்குழுத் தீர்மானம், கவுன்சிலரின் பரிந்துரைக் கடிதம், விண்ணப்பம், டி.டி. ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் எந்தக் காலனியிலும் இருப்பார். இவற்றை அவரிடம் விட்டுவிடலாம்.

விண்ணப்பத்துக்கு முன்பே பார்க்க வேண்டியது, குளம் யாருடையது என்பது. தமிழகத்தில் 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) உள்ள ஏரி, குளங்களை முன்பு பொதுப்பணித் துறை பார்த்தது, இப்போது நீர்வளத் துறை பார்க்கிறது. அதற்குக் குறைவானவை ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பு. கோயில் தெப்பக்குளம் என்றால் இந்து சமய அறநிலையத் துறை. ஊராட்சி மாநகராட்சியோடு இணையும்போது, குளத்தின் பெயர் பழைய பதிவேட்டிலேயே தங்கிவிடுவது உண்டு. கோயம்புத்தூரில் உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் உள்ளிட்ட எட்டுக் குளங்களை 2010-இல் பொதுப்பணித் துறையிடமிருந்து மாநகராட்சி 90 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த பிறகுதான் அவற்றில் கைவைக்க முடிந்தது. மாநகராட்சிக்கே குத்தகைப் பத்திரம் தேவைப்பட்ட வேலை இது. எனவே விண்ணப்பத்துக்கு முன் தாலுகா அலுவலகத்தில் ‘அ’ பதிவேட்டின் நகலையும் புல வரைபடத்தையும் வாங்கிவிடுங்கள். புல வரைபடத்தில் குளத்தை மட்டும் பார்த்து மடித்து வைத்துவிடக் கூடாது. குளத்துக்குள் நுழையும் கோட்டைத் தேடுங்கள். அந்தக் கோடுதான் வரத்துக்கால்வாய்.

சங்கத்திடம் அந்த வரைபடம் இருந்தது. கோடும் இருந்தது.

பிறகு அதிகாரிகள் மதிப்பீடு போட வந்தார்கள். மதிப்பீடு என்பது அரசுப் பணத்தின் பிறப்புச் சான்றிதழ். அதில் இல்லாத வேலை எதுவும் பிறகு நடக்காது. பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியலில் உள்ள வேலைகளை வரிசைப்படுத்தி, அளவும் விலையும் போட்டுப் பெருக்கி, மேலே ஜி.எஸ்.டி., தொழிலாளர் நல நிதி, இதர செலவுகள் சேர்த்து ஒரு தொகைக்கு வருவார்கள். மண் அள்ளுவது கன மீட்டரில், பேவர் பிளாக் சதுர மீட்டரில், கம்பி வேலி நீள மீட்டரில். ஆக, அளந்து எம்-புக்கில் (அளவுப் புத்தகத்தில்) ஏற்றச் சுலபமானவை மதிப்பீட்டுக்குள் தாமாக வந்து உட்கார்ந்துவிடும். நடைபாதையை ஒரே காலையில் டேப் வைத்து அளந்துவிடலாம். கால்வாய் அப்படியில்லை. குளத்திலிருந்து சற்றுத் தள்ளி நெடுஞ்சாலைத் துறையின் சாலைக்கு அடியில் குழாய்ப்பாலத்தின் வழியே அது வருகிறது. அதற்கு மேலே வருவாய்த் துறைக்குச் சொந்தமான ஓடைப் புறம்போக்கு. நடுவில் இரண்டு மனைப்பிரிவுகளின் பின்சுவர்கள். அந்த வீடுகளின் கழிவுநீர்க் குழாய்களும் அதற்குள்தான் திறக்கின்றன.

“அது இந்த எஸ்டிமேட்ல வராதுங்க. வேற டிபார்ட்மென்ட் என்.ஓ.சி. வேணும். மொதல்ல குளத்தை முடிச்சுட்டுக் கால்வாயைத் தனியாப் பண்ணிக்கலாமுங்க” என்றார் அளவெடுக்க வந்தவர். அவர் சொன்னதில் பொய் இல்லை. பல துறைகளின் நிலத்தைத் தாண்டும் பணிக்கு ஒவ்வொரு துறையிடமும் தடையின்மைச் சான்று கேட்க வேண்டும். ஆனால் ‘தனியாப் பண்ணிக்கலாம்’ என்று ஒதுக்கப்பட்ட வேலைக்கு ஒரு கோப்பு எண்கூடப் பிறக்கவில்லை.

அதிகாரிகளை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. செயற்குழுவே கால்வாயை விரும்பவில்லை. பணம் போட்டவர்களுக்குக் கண்ணில் படும்படி ஏதாவது வேண்டும் என்றார் அப்போதைய தலைவர். குழாய்ப்பாலத்துக்கு அடியில் தூர்வாரினால் அங்கே யார் பெயரைப் பொறிப்பது என்று ஒருவர் கேட்டார், பலர் தலையாட்டினார்கள். காலை நடைப்பயிற்சிக்கு இடம் வேண்டும் என்றது ஒரு தரப்பு. பொங்கலுக்குள் திறப்பு விழா நடத்த வேண்டும் என்றது இன்னொன்று. வரைபடத்தை விரித்துக் கோட்டைக் காட்டிய இக்கட்டுரையாளரிடம், “நீங்க எப்பவும் குறுக்கே நிக்கறீங்க” என்றார்கள். தீர்மானம் நிறைவேறியது. அவர் தம் எதிர்ப்பைப் பதிவேட்டில் எழுதச் சொன்னார், எழுதினார்கள். எந்தச் சங்கத்திலும் மாற்றுக் கருத்தைப் பதிவேட்டில் எழுதவைப்பது முக்கியம். பின்னால் நடந்தவற்றுக்கு அந்த ஒரு வரியே ஆதாரமாக இருந்தது.

வேலை தொடங்கியதும் இன்னொன்று நடந்தது. கால்வாயின் கடைசிப் பகுதியில் வீட்டுக் கழிவுநீர் வந்துகொண்டிருந்தது. அது குளத்தில் கலக்கக் கூடாது என்பது சரியான கவலை. அதற்குக் கண்ட வழிதான் தவறு. நீர் நுழையும் வாயையே கான்கிரீட் போட்டு அடைத்தார்கள். கழிவுநீர் நின்றது, கூடவே மழைநீரும் நின்றது. அது திரும்பித் தெருக்களுக்குப் போயிற்று. தமிழக நகரங்களின் குளச் சீரமைப்புகளில் இப்படிப் பூசி அடைத்த வாய்களை வேறு இடங்களிலும் பார்க்கலாம். கழிவுநீரைப் பிரித்துவிட வேறு முறைகள் உண்டு. வறண்ட நாளில் வரும் சிறு ஓட்டத்தைப் பக்கவாட்டுத் தொட்டியில் இறக்கிப் பாதாளச் சாக்கடைக்குத் திருப்பலாம். மழையில் வரும் பெரு ஓட்டம் தடுப்புச் சுவரைத் தாண்டிக் குளத்துக்குள் விழும்படி விடலாம். வண்டல் தங்க ஒரு தொட்டி, குப்பை பிடிக்க ஒரு கம்பி வலை. நடைபாதைக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பகுதியே இவற்றுக்குப் போதும். ஆனால் மதிப்பீட்டில் ஏற்றாதவரை இவற்றைக் கேட்க யாருக்கும் உரிமை இல்லை.

கால்வாய் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு மதுரையைப் பார்க்கலாம். திருமலை நாயக்கர் காலத்து வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் நீண்ட காலம் வறண்டு கிடந்தது. தெப்பத் திருவிழாவுக்கு மட்டும் தண்ணீர் நிரப்பினார்கள். பனையூர்க் கால்வாயைச் சீரமைத்த பிறகு வைகைத் தண்ணீர் மறுபடி அந்தக் குளத்துக்கு வரத் தொடங்கியது. கோயம்புத்தூர் குளங்களும் அப்படி அமைந்தவைதாம். நொய்யலின் அணைக்கட்டுகளிலிருந்து வாய்க்கால்கள் பிரிந்து ஒரு குளத்தை நிரப்பும். அதன் உபரி அடுத்த குளத்துக்குப் போகும். சங்கிலியின் ஒரு கண்ணியை மட்டும் பளபளப்பாக்கினால் நீர் நகராது. 2016 ஜனவரியில் ஸ்மார்ட் சிட்டிக்குத் தேர்வான முதல் 20 நகரங்களில் கோயம்புத்தூரும் ஒன்று. அந்தப் பணத்தில் குளக்கரைகள் நடைபாதைகளாக மாறியபோது, சூழல் ஆர்வலர்கள் கேட்டதும் இதே கேள்விதான்: கரையில் கொட்டும் காசில் வரத்துக்கும் கழிவுநீர்த் தடுப்புக்கும் எவ்வளவு?

உழைப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் காலனிப் பிள்ளைகளும் பெரியவர்களும் ஆகாயத்தாமரையை இழுத்துப் போட்டார்கள், சீமைக்கருவேலத்தை வெட்டினார்கள். சங்கம் கட்ட வேண்டிய பங்கில் அந்த உழைப்புக்கு ஒரு ரூபாயும் கழியவில்லை. தமிழகத்திலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. 2017-இல் மீண்டும் கொண்டுவரப்பட்ட குடிமராமத்துப் பணிகளில் விவசாயிகள் செலவில் பத்தில் ஒரு பங்கை ஏற்க வேண்டும். அதை உழைப்பாகவோ பொருளாகவோ தரலாம் என்று வைத்தார்கள். அமெரிக்காவின் சியாட்டில் மாநகராட்சி 1988-இல் தொடங்கிய அக்கம்பக்க இணைநிதித் திட்டத்தில் தன்னார்வலர் உழைத்த நேரமும் மக்கள் பங்காகவே கணக்கில் ஏறுகிறது. பணம் இல்லாத தெருவும் அங்கே பூங்கா கேட்கலாம், ஓடையைச் சுத்தம் செய்யலாம். இங்கே 6 லட்சம் திரட்ட முடிந்த காலனிக்குத்தான் குளம். ஓடைப் புறம்போக்கை ஒட்டிய வரிசை வீடுகளில் மழைநீர் முதலில் புகுந்தது. அங்கே வசிப்பவர்களால் சந்தா கட்ட முடியாது. அவர்களிடம் சங்கம் எதுவும் கேட்கவும் இல்லை.

இனி, இதே வழியில் இறங்குகிறவர்களுக்குச் சில சொற்கள். டி.டி. எடுக்கும் முன் மதிப்பீட்டின் நகலைக் கையில் வாங்குங்கள். ‘சாங்ஷன் ஆகட்டும், அப்புறம் தர்றோம்’ என்று சொன்னால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பித்தால் கிடைக்கும். சற்று நாளாகும், அவ்வளவுதான். அதே சட்டத்தின் 2(ஜே) பிரிவு, நடக்கும் வேலையை நேரில் பார்வையிடவும் பொருள்களின் மாதிரியை எடுக்கவும் குடிமக்களுக்கு உரிமை தருகிறது. இது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் ஒப்பந்ததாரரின் மனம் நோகுமே என்று விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள்.

தூர்வாருவதற்கு முன் குளத்தின் தரைமட்டத்தை லெவல் கருவி வைத்து எடுப்பார்கள். முடிந்த பின் மறுபடி எடுப்பார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான் பணம். இரண்டு முறையும் சங்கத்தின் சார்பில் ஓய்வுபெற்ற இன்ஜினியர் ஒருவர் பக்கத்தில் நின்று எண்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். இடையில் மழை பெய்துவிட்டால் அளவு பற்றிய சண்டைக்கு முடிவே இராது. அள்ளிய வண்டல் எங்கே போகிறது, அதைக் கொண்டுபோகும் தூரமாக எத்தனை கிலோமீட்டர் ‘லீட்’ போட்டிருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். கரை ஓரத்திலேயே கொட்டிவிட்டால் அடுத்த மழையில் அது குளத்துக்குத் திரும்பும்.

கோரிக்கையைச் சங்கத்தின் கடிதமாக மட்டும் கொடுக்காமல் பகுதி சபைக் கூட்டத்தில் வையுங்கள். 2022 நவம்பர் 1-இல் தமிழக நகரங்களில் முதன்முறையாகப் பகுதி சபைகள் கூடின. தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலினே கலந்துகொண்டார். அங்கே பேசினால் கவுன்சிலர் முன்னிலையில் அது குறிப்பேட்டில் ஏறும். சுற்றுச்சூழல் பாதுகாப்பு, அரசியல் சட்டத்தின் 74-ஆவது திருத்தம் சேர்த்த பன்னிரண்டாம் அட்டவணையில் உள்ள பணி. அதைக் கேட்பவர்கள் சலுகை கேட்கவில்லை. தலை நிமிர்ந்தே கேட்கலாம்.

அந்தச் சங்கத்தில் பிறகு புதிய செயற்குழு வந்தது. இக்கட்டுரையாளர் தயாரித்த இரண்டாவது விண்ணப்பத்தில் நடைபாதை இல்லை, விளக்கு இல்லை, பெயர்ப்பலகை இல்லை. குழாய்ப்பாலத்தைத் தூர்வாருதல், அடைத்த வாயைத் திறத்தல், கழிவுநீர் திருப்பும் தொட்டி, வண்டல் தொட்டி, கம்பி வலை ஆகியவை மட்டுமே. முதல் தடவை தாராளமாகக் கொடுத்த சிலர் இம்முறை கொடுக்கவில்லை. வரிசை வீடுகளுக்கு இந்த முறை போய்க் கேட்டார்கள். அங்கிருந்து சிறு தொகைகள் வந்தன. விண்ணப்பத்தோடு புல வரைபடமும், தெருவில் நின்ற வெள்ளத்தின் தேதியிட்ட படங்களும், பகுதி சபைக் குறிப்பின் நகலும் இணைக்கப்பட்டுள்ளன. நெடுஞ்சாலைத் துறையின் தடையின்மைச் சான்று இன்னும் வரவில்லை. முதல் ஒப்புதலில் பராமரிப்புக்குப் பணமே ஒதுக்கப்படாததால், ஐப்பசி மழைக்கு முன் வலையையும் தொட்டியையும் ஆண்டுதோறும் துப்புரவு செய்ய வீட்டுக்கு மாதம் 50 ரூபாய் பிடிப்பது என்று தீர்மானமாகியிருக்கிறது. டி.டி. எடுக்கும் முன்பே, மதிப்பீட்டின் ஒவ்வொரு வரியும் பொதுக்குழுவில் வாசிக்கப்படும்.